தொண்ணூறு நாள் பேசாதவன்

அத்தியாயம் 14

ஷெர்லின் தன் கணவனுக்கு ஒரு மெயில் அனுப்பினாள். "எங்கே இருக்கிறீர்கள்?" அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

நான்கு விநாடியில் பதில் வந்துவிட்டது. அனுப்பியது ஃபிராங்க்ளின் அல்ல, ஒரு இயந்திரம். "இந்த முகவரியில் யாரும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால் மணி. வெளியே மழை வரப்போவது போல இருட்டிக்கொண்டு கிடந்தது. ஷெர்லின் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

'ஜெபமாலை ராணி' தோணி வெள்ளிக்கிழமை காலையே தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு வந்து கட்டியிருக்க வேண்டும். மாலத்தீவின் மாலேயில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த தோணி அது. தோணியை நடத்துகிற தண்டல் ஃபிராங்க்ளின். அவனையும் சேர்த்து ஏழு பேர். வியாழன் இரவு வயர்லெஸ்ஸில் இன்னொரு தோணிக்காரரிடம் "மோட்டார் மக்கர் பண்ணுது" என்று சொன்னதோடு பேச்சு நின்றுபோனது. கடலோரக் காவல்படைக் கப்பல் இரண்டு நாளாகத் தேடுகிறது. எந்தப் பக்கம் தேடுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. இன்று இரவு காற்றழுத்தம் வலுக்கும் என்று துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.

தோணியில் ஒரு சிறிய கருவி இருந்தது. சோப்பு டப்பா அளவுதான். அதில் இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் 'நலம்'. சிவப்பை அழுத்தினால் 'உதவி வேண்டும்'. எதை அழுத்தினாலும், அந்த நேரத்தில் தோணி நிற்கும் இடத்தை அளந்து, வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அது அங்கிருந்து ஒரு மெயிலாக இறங்கி, ஃபிராங்க்ளினுடைய அலுவலக மெயில் பெட்டியில் வந்து விழும். பெட்டியில் விழுந்ததை எடுத்துக் குடும்பத்தார் எல்லோருடைய செல்போனுக்கும் தானாகவே அனுப்பிவைக்கும்படி ஷெர்லின் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள்.

தினமும் மாலை ஆறு மணி. நேரத்தைத் தேர்ந்தெடுத்தவன் ஃபிராங்க்ளின்தான். "ஆறு மணிக்குக் கோயில்ல மணி அடிச்சதும் நீ செபம் சொல்லுவேல்லா, அப்பம் நானும் அழுத்துதேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

திங்கள்கிழமை மாலேயிலிருந்து கிளம்பிய பிறகு ஒரு நாள்கூட ஆறு மணிச் செய்தி வரவில்லை. கருவியில் சார்ஜ் போயிருக்கும் என்று நினைத்தார்கள். எதிரே வந்த தோணிகள் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் கவலைப்படவும் இல்லை. அதற்கு முன் மூன்று வாரம் மாலே துறைமுகத்தில் சரக்கு இறங்காமல் கிடந்தபோது, அவன் போனிலேயே பேசிக்கொண்டிருந்தான். பொத்தானுக்கு வேலை இல்லை.

இப்போது ஷெர்லினுக்குப் புரிந்துவிட்டது. கருவி கெட்டுப்போகவில்லை. செய்தி வந்து விழப் பெட்டிதான் இல்லை.

பெட்டியை இல்லாமல் ஆக்கியது அவளேதான்.

"என்னளா, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

மாமியார் பிலோமினா மாடிப்படியில் நின்றாள். வீடு மேலே, அலுவலகம் கீழே. கையில் ஆறிப்போன தேநீர்.

"மாமி, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"நின்னுக்கிட்டே கேக்கேன். சொல்லு."

ஷெர்லின் சொன்னாள். அவள் மாமனார் மரியானின் கம்பெனியில் நாற்பத்திரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். மெயில், கோப்பு, சரக்குப் பட்டியல் எல்லாம் இணையத்தில், எங்கோ இருக்கிற பெரிய கணினிகளில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் அறை மாதிரி, ஒரு கதவு, ஒரு பூட்டு. அந்த நாற்பத்திரண்டு அறைகளையும் பார்த்துக்கொள்வது ஷெர்லினுடைய வேலை. ஆள் வேலையை விட்டுப் போன பிறகும் அறை திறந்து கிடந்தால் திருடன் உள்ளே நுழைவான். போன வருடம் அப்படி ஒருவன் நுழைந்து, கம்பெனி பேரில் பொய் மெயில் அனுப்பிவிட்டான்.

அதனால் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டபடி அவள் ஒரு தானியங்கி நிரலை எழுதி வைத்தாள். மாதம் ஒருமுறை அது தானாக எழுந்து, ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்க்கும். யார் தொண்ணூறு நாளாகத் தன் கதவைத் திறக்கவில்லையோ, அவர் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு அறையை நீக்கிவிடும். கடிதங்கள் வந்து விழுகின்றனவா என்று அது பார்க்காது. உள்ளே நுழைந்த ஆளை மட்டும்தான் எண்ணும்.

ஃபிராங்க்ளின் தன் பெட்டியைத் திறந்ததே இல்லை. சுக்கான் பிடிக்கிறவன் மெயில் பார்த்து என்ன செய்யப்போகிறான்? கருவிக்கு ஒரு முகவரி வேண்டும் என்றார்கள், கொடுத்தான். அத்தோடு சரி.

இருபத்தாறு நாளைக்கு முன் தானியங்கி முதல்முறையாக எழுந்தது. அவன் கதவுக்கு வந்தது. நாட்களை எண்ணியது. நீக்கிவிட்டது.

பிலோமினா தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"மூணு மாசம் சத்தமில்லேன்னா ஆளே இல்லேன்னு எந்த ஊர்லளா சட்டம்?"

"மாமி..."

"எங்கப்பா கொளும்புக்குத் தோணியில போயி பதினொரு மாசம் கழிச்சு வந்து வாசல்ல நின்னாரு. ஒரு கடுதாசி கெடையாது. எங்கம்மா என்ன, வெள்ளைச் சீலை எடுத்தா உடுத்தினா? தினம் அவருக்கும் சேத்துல்லா ஒல வச்சா! இந்தக் கடக்கரையில பொறந்த பொண்ணு நீ. ஒனக்குத் தெரியாதா?"

ஷெர்லினுடைய சொந்த அப்பாவும் கப்பல்காரர்தான். ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை வருவார். தெரியாமல் என்ன? தெரியும். விதியை எழுதி வைத்தபோது அது ஞாபகம் வரவில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தினம் காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள்.

"நாந்தான் மாமி. அந்த மிசினைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. நாந்தான் அதுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தேன்."

"அழுவாத. அழுதா பெட்டி தொறக்குமா? தொறக்கிறதுக்கு வழியைச் சொல்லு."

வழி இருந்தது. நீக்கிய அறையை உடனே இடித்துவிட மாட்டார்கள், முப்பது நாள் பூட்டி வைத்திருப்பார்கள். அதற்குள் மீட்டுவிடலாம். முடியாவிட்டால் அதே பேரில் புதிதாக ஒன்றைக்கூட உண்டாக்கிவிடலாம். இரண்டுக்கும் பெரிய சாவி வேண்டும்.

அதுதான் சிக்கல். தினப்படி வேலைக்கு ஷெர்லினிடம் சின்னச் சாவி உண்டு. தானியங்கிக்குத் தனியே ஒரு சாவி உண்டு, அது நீக்க மட்டும்தான் செய்யும். எல்லா அறைகளையும் உண்டாக்கவும் மீட்கவும் கூடிய பெரிய சாவி ஒன்றே ஒன்று. கடவுச்சொல் போட்டாலும் போதாது, ஒரு குறிப்பிட்ட செல்போனில் "ஆமாம், நான்தான்" என்று ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு போன்களில் வையுங்கள் என்று ஷெர்லின் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

மரியான் சிரித்தார். "தோணிக்கு ரெண்டு தண்டலா? சாவி எங்கிட்ட இருக்கட்டும் மவளே." சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் சாவிக்கொத்து முப்பது வருடமாக அவர் இடுப்பில் தொங்குகிறது. இதுவும் அந்தக் கொத்தில் ஒன்று என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த மரியான் இப்போது குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் இருந்தார். விடியற்காலையே போய்விட்டார், யாராவது படகெடுத்துக் கடலைத் தேடிப் பார்க்க வருவார்களா என்று. அவர் போன் அணைந்து கிடந்தது.

மணி இரண்டு ஆயிற்று. ஷெர்லின் முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருந்தாள். கருவிக் கம்பெனிக்கும் கூப்பிட்டாள். வெளிநாடு, ஞாயிற்றுக்கிழமை, நாளை வாருங்கள் என்றது பதிவுக்குரல். காவல்படையும் அவர்களுக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தது.

அவளுக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்தது. தோணிக்குக் கருப்பட்டியும் மிளகாய் வத்தலும் அனுப்புகிற குலசேகரன்பட்டினத்து மளிகைக் கடைக்காரர் சுடலைக்கண்ணன்.

"அண்ணாச்சி, எங்க மாமா அங்கன இருக்காவளா?"

"இருக்காவ தாயி. காலையில இருந்து கரையிலயே நிக்காவ. ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறதில்ல, கூண்டு வேற ஏத்தியிருக்குன்னு பயலுவ வரமாட்டேங்கானுவ. பச்சத் தண்ணி குடிக்கல."

"அவிய போனுக்கு சார்ஜ் போடணும். உசுரு போற காரியம் அண்ணாச்சி."

"அப்படியா? கடையை மூடுதேன். இந்தா கூட்டிட்டு வாரேன்."

மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மரியானின் குரல் வந்தது. காற்று அந்தக் குரலைப் பாதி தின்றிருந்தது.

"என்ன மவளே, தகவல் ஏதும் வந்துச்சா?"

"மாமா, நல்லாக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. இப்பம் உங்க போன்ல ஒரு கேள்வி வரும். நான் ஒரு நம்பர் சொல்லுவேன். அதைப் போட்டு ஆமான்னு அழுத்தணும். ஒரு நிமிசந்தான் டைம்."

"கண்ணாடி வீட்டுல கெடக்கே."

"அண்ணாச்சியைப் பாக்கச் சொல்லுங்க. அம்பத்தேழு!"

"அம்பத்தேழு. போட்டாச்சு தாயி" என்றார் சுடலைக்கண்ணன். "இப்பம் விரலை வைக்கச் சொல்லுது."

"வைங்க மாமா!"

"வச்சுட்டேன். சேப்பா என்னமோ வருது."

"திருப்பி வைங்க."

"வைக்கேன். வைக்கேன்ல்லா! எடுக்க மாட்டேங்குது."

நேரம் முடிந்துவிட்டது. திரையில் மறுபடியும் முதலிலிருந்து.

இரண்டாம் தடவை எண் பதினெட்டு. விரலைத் துண்டில் துடைத்து வைத்தார். இல்லை.

"இன்னும் ஒருக்க தப்பாச்சுன்னா பூட்டிக்கிடும் மாமா. ஒரு மணி நேரமோ ஒரு நாளோ, எனக்கே தெரியாது."

"என் வெரலையே என்னது இல்லேங்குதா அது?" மரியானின் குரல் உடைந்தது. "ஏளா, எம் பிள்ளை அங்கன கெடக்கான்."

ஷெர்லின் கண்களை மூடினாள். பின்னால் நின்ற பிலோமினா மெதுவாகச் சொன்னாள்.

"அவருக்கு வலது கையில ரேகையே கெடையாதேளா. பாய்மரக் கயிறு இழுத்து இழுத்துத் தேஞ்சு வழுவழுன்னுல்லா இருக்கும். ரேசன் கடையிலகூட..."

ஷெர்லின் கண்ணைத் திறந்தாள். போன வருடம் இதே மேசையில் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாக வைத்துப் பார்த்தாள். ஒன்பது விரல்களை அந்தப் போன் ஏற்கவில்லை. பத்தாவதாக வைத்தது கல்யாண மோதிரம் கிடந்த விரல். மோதிரம் கயிற்றில் மாட்டும் என்று எப்போதும் அந்த விரலைத் தூக்கியே வைத்திருந்தாராம். அதில் மட்டும் ரேகை மிச்சமிருந்தது.

"இடது கை மோதிர விரல் மாமா! எழுபத்து மூணு!"

காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு சுடலைக்கண்ணனின் சத்தம்.

"பச்சை வந்துட்டு தாயி! பச்சை!"

பெரிய கதவு திறந்தது.

ஷெர்லின் முதலில் 'நீக்கப்பட்டவர்கள்' பட்டியலுக்குப் போனாள். அதில் ஒரே ஒரு பெயர். அவள் கணவன் பெயர். 'மீட்டெடு' என்பதை அழுத்தினாள். அழுத்திய உடன் எல்லாம் திரும்பிவிடாது. எங்கோ இருக்கும் கணினிகள் பழைய அறையைத் தேடி எடுத்து, அதற்கு வழியும் பெயர்ப்பலகையும் மறுபடி மாட்ட வேண்டும். பத்து நிமிடமும் ஆகலாம், இரண்டு மூன்று மணி நேரமும் ஆகலாம்.

காத்திருக்கும்போது அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். வந்து, பெட்டி இல்லாமல் திரும்பிப்போன மெயில்களின் பட்டியல். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அது காட்டாது. யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான்.

திங்கள் மாலை 6.01. செவ்வாய் 6.02. புதன் 6.01. வியாழன் 6.04. எல்லாம் கருவியிலிருந்து வந்தவை.

வெள்ளி 6.02.

சனி 6.03.

அவள் விரல் அந்தக் கடைசி வரியில் நின்றது. நேற்று.

"மாமி!"

பிலோமினா படித்தாள். அவளுக்கு எண்கள் தெரியும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து உசுரோட இருந்திருக்கான்."

"நேத்து யாரோ அழுத்தியிருக்காவ மாமி. அம்புட்டுத்தான் தெரியும்." மாமியாரிடம் பொய் நம்பிக்கை தர அவளுக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே வேண்டிய அளவு தப்பு செய்தாயிற்று.

"அவனைத் தவிர எவனுக்குளா ஆறு மணி தெரியும்?"

ஷெர்லின் தானியங்கியைத் திறந்து அணைத்துவைத்தாள். பிறகு ஆறு மணிச் செய்தியைச் செல்போன்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டை மறுபடி பொருத்தினாள்.

நான்கரை. பெட்டி 'தயாராகிறது'. ஐந்து. 'தயாராகிறது'. மழை வந்துவிட்டது.

ஐந்தே முக்காலுக்கு மரியான் வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் உப்பும் மணலும். மருமகளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பிலோமினா மேலே சமையலறையிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து அவர் தோளில் போட்டாள்.

ஐந்து ஐம்பத்து நான்குக்குத் திரையில் இருந்த சொல் மாறியது. 'தயார்.'

ஷெர்லின் ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள். திரும்பி வரவில்லை. உள்ளே போய் விழுந்தது.

கோயிலில் மணி அடித்தது. பிலோமினா செபத்தைத் தொடங்கினாள். வழக்கமாக அவள் சொல்வது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். இன்று உதடு மட்டும் அசைந்தது.

ஆறு ஒன்று. ஆறு மூன்று. ஒன்றும் இல்லை.

ஆறு ஐந்து.

"நேத்தோட சார்ஜ் முடிஞ்சிருக்குமோ?" என்றார் மரியான்.

நேற்றும் முந்தாநாளும் வந்த இரண்டு செய்திகளும் பெட்டி இல்லாமல்தான் திரும்பிப்போயின என்பது மூவர் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஷெர்லின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆறு ஒன்பது.

மூன்று செல்போன்களும் ஒரே சமயத்தில் மேசைமேல் துடித்தன.

'நலம். கையால் அழுத்தப்பட்டது. வடக்கு 8 பாகை 20 கலை. கிழக்கு 78 பாகை 16 கலை.'

பிலோமினாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. ஷெர்லின் அந்த எண்களை வரைபடத்தில் போட்டாள். புள்ளி விழுந்தது. மாலே பாதையில் எங்கோ தூரத்தில் இல்லை. குலசேகரன்பட்டினத்துக்கு நேர் வெளியே, கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கடல் மைல்.

"மாமா, நீங்க இன்னைக்கு நின்னியள்ளா, அதுக்கு நேரே! மழை இருட்டு மூடியிருக்கலேன்னா பாய்மரமே தெரிஞ்சிருக்கும்." அவள் காவல்படைக்கு அனுப்ப எண்களை எடுத்துப் போனில் ஒட்டினாள். "ஆனா ஏன் பச்சையை அழுத்துதாவ? மோட்டார் நின்னு மூணு நாளாச்சு. சேப்பை அழுத்தியிருந்தா நம்ம பெட்டிக்கு மட்டுமில்ல, உதவி மையத்துக்கும் நேராப் போயிருக்குமே."

மரியான் திரையருகே குனிந்தார். கண்ணாடி இல்லாமலே அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். பிறகு, கயிற்றில் தேய்ந்துபோன அந்த வலது கையை மருமகளின் போன்மேல் வைத்து மூடினார்.

"காவல்படைக்குச் சொல்லாத மவளே."

"என்ன மாமா சொல்லுதிய?"

"விடியட்டும். காலையில நானே ஆளைச் சேத்துப் படகெடுத்துப் போறேன். பச்சையைத்தான அழுத்தியிருக்கான்? நல்லா இருக்கான். ஒரு ராத்திரிதான்."

"ராத்திரிதான் காத்து வருதுங்காவ!"

"இந்தாரும்" என்று பிலோமினா எழுந்து வந்தாள். "அந்த எடத்துல என்ன இருக்கு?"

மரியான் மனைவியைப் பார்க்கவில்லை. புள்ளியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அங்கனதான் நம்ம 'சந்தியாகப்பர்' கெடக்கு."

பதினாறு வருடத்துக்கு முன் மூழ்கிப்போன அவர்களுடைய பழைய தோணி அது. பிலோமினாவின் தம்பி அந்தத் தோணியோடு போனவன், உடல்கூடக் கிடைக்கவில்லை.

"அது மினிக்காய்த் தீவுக்கு அங்கிட்டுல்லா முங்கிச்சுன்னு சொன்னிய?" பிலோமினாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "துறைமுகத்துல எழுதிக் குடுத்திய. கோயில்ல வச்சு எல்லாருக்கும் சொன்னிய. எங்கிட்டயும் சொன்னிய."

மரியான் கையை எடுக்கவில்லை.

ஷெர்லின் தன் போன்மேல் இருந்த கையைப் பார்த்தாள். பெரிய சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வேன் என்ற கை. மதியம் பரிதவித்து மோதிர விரலை வைத்துக் கதவைத் திறந்த ஆளும் இவர்தான். இவருக்கும் மகன்தான் அங்கே. இருந்தும் ஏதோ ஒன்று அந்த மகனைவிடப் பெரிதாக அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

இருபத்தாறு நாள் முன் ஓர் இயந்திரம் தன் கணவன் இல்லை என்று முடிவு செய்தது. அப்போது அவள் பக்கத்தில் இல்லை. இப்போது இருக்கிறாள்.

மாமனாரின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கடைசியாகச் சின்ன விரல். அவர் எதிர்க்கவில்லை.

அனுப்பினாள்.

ஒரு நிமிடத்தில் காவல்படையிலிருந்து அழைப்பு வந்தது. கப்பல் திரும்புகிறது, நான்கு மணி நேரத்தில் அங்கே சேரும், தொடர்பில் இருங்கள் என்றார்கள். ஷெர்லின் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே மரியான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

"மாமா, மழையில எங்க போறிய?"

அவர் திரும்பவில்லை. பிலோமினாதான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கிட்டங்கிக்குப் போறாரு. சாவிக்கொத்தைக் கையில எடுத்துட்டாரு."